அம்மாவின் உடம்பு ‘ஆசிட்’ ஆகிவிட்டதா?

செம்பூரிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: சொசைட்டி ஹாலில் நடந்த இலவச முகாமில் அம்மாவின் சிறுநீரில் ஒரு பட்டையை நனைத்துப் பார்த்து, பிஎச் (ஆசிட் எவ்வளவு என்று காட்டும் எண், 7க்குக் கீழே இறங்க இறங்க ஆசிட் அதிகம்) 5.5, உடம்பு முழுக்க ஆசிட் ஏறிவிட்டது என்று சொல்லி, 1,40,000 ரூபாய்க்கு ஆல்கலைன் (ஆசிடுக்கு எதிரான காரத்தன்மை உள்ள) தண்ணீர் மெஷினைத் தலையில் கட்டப் பார்க்கிறார்கள். அம்மாவுக்கு 63 வயது, பத்து வருடமாகச் சர்க்கரை. வாங்கலாமா?

வாங்காதீர்கள். சிறுநீரின் பிஎச் 4.5 முதல் 8 வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கும், நேற்று என்ன சாப்பிட்டார் என்பதைப் பொறுத்தே மாறும். உடம்பில் சேரும் ஆசிடைக் கிட்னி வெளியே தள்ளுகிறது, தள்ளியது பட்டையில் தெரிகிறது, அவ்வளவுதான். வாசலில் வைத்த குப்பைக் கூடையை மோந்து பார்த்துவிட்டு வீடே நாறுகிறது என்பார்களா? பார்க்க வேண்டியது ரத்தம். அதன் பிஎச் 7.35க்கும் 7.45க்கும் நடுவில்தான் நிற்கும். கொஞ்சம் ஆசிட் கூடினால் ரத்தத்தில் உள்ள பைகார்பனேட் உடனே அதை மடக்கும், சில நிமிடங்களில் மூச்சு வேகமாகி கார்பன் டை ஆக்சைடாக வெளியேற்றும், மிச்சத்தைக் கிட்னி இரண்டு மூன்று நாள் எடுத்துச் சரிசெய்யும். மெஷின் தண்ணீரோ இரைப்பையைத் தாண்டுவதற்குள்ளேயே அங்கிருக்கும் ஆசிடில் அடங்கிப்போகும்.

அந்த இரண்டு கம்பி வித்தையும் காட்டியிருப்பார்களே! குழாய்த் தண்ணீரில் கம்பியை விட்டு கரண்ட் கொடுத்ததும் டம்ளர் முழுக்கச் செம்பழுப்பாகக் கலங்கும், ஹாலில் எல்லோரும் ஐயோ என்பார்கள். அது தண்ணீரின் அழுக்கில்லை, கரைந்த இரும்புக் கம்பியின் துரு. அவர்களுடைய வடிகட்டிய தண்ணீரில் உப்பு குறைவு, கரண்ட் சரியாகப் பாயாது, அதனால் தெளிவாக நிற்கிறது. அதில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுவிட்டு மறுபடி கம்பியை விடச் சொல்லுங்கள், முகம் மாறும். பக்கத்து வீட்டு மாமா யாராவது சிபாரிசு செய்திருந்தால், அவருக்கு இதில் கமிஷன் உண்டா என்றும் கேட்டுப் பாருங்கள்.

ஆனால் ஒன்று, இதை நிதானமாகப் படியுங்கள். பத்து வருடச் சர்க்கரை என்றால் கிட்னி பழுதாகியிருக்கலாம், பழுதான கிட்னியால் ஆசிடை முழுதாகத் தள்ள முடியாது, அப்போது ரத்தத்தில் பைகார்பனேட் 22க்குக் கீழே இறங்கும். அதற்கு டாக்டர் சோடா மாத்திரை தருவார், அளவு பார்த்து. ஏனென்றால் அதில் சோடியம் இருக்கிறது, கால் வீங்கும், பிபி ஏறும். சமையல் சோடாவை நீங்களாகக் கரைத்துக் கொடுத்துவிடாதீர்கள். கிட்னி எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின், சிறுநீர் அல்புமின், அதோடு ரத்தத்தில் உள்ள பைகார்பனேட்டை அளக்கும் சீரம் பைகார்பனேட், மூன்றையும் பாருங்கள். எண்பது டெஸ்ட் என்று விளம்பரம் செய்யும் பேக்கேஜில் எல்லா விட்டமினும் இருக்கும், இந்தக் கடைசி டெஸ்ட் பெரும்பாலும் இருக்காது, ஏன் என்று கேட்டால் லேபில் பதிலும் இருக்காது. தனியாக எழுதச் சொல்லி வாங்குங்கள்.

அட்வான்ஸ் கொடுத்தீர்களா என்று எழுதவில்லை. கொடுத்திருந்தால் ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் போடுங்கள்.