பிணைப்புப் புள்ளி அடர்த்தி: மென்பொருளில் 0.25, கட்டுரையில் 1.7, எது சரி?

இரண்டும் சரி, அலகுதான் வேறு. ஈத்தேனின் கார்பன்-கார்பன் பிணைப்புப் புள்ளியில் (இரு அணுக்களை இணைக்கும் பாதையில் எலக்ட்ரான் அடர்த்தி மிகக் குறைவாக இருக்கும் இடம்) உங்களுக்கு மென்பொருளில் வந்த 0.25 அணு அலகில் இருக்கிறது, அதாவது ஒரு கன போருக்கு (போர், bohr, என்பது சுமார் 0.529 ஆங்ஸ்ட்ராம் நீளம்) இத்தனை எலக்ட்ரான். கட்டுரையின் 1.7 என்பது ஒரு கன ஆங்ஸ்ட்ராமுக்கு. 0.25-ஐ 6.748 ஆல் பெருக்கிப் பாருங்கள், 1.69 வரும்.

அது எக்ஸ்ரே தரவிலிருந்து வந்த கட்டுரையாக இருக்கும். அங்கே ஆங்ஸ்ட்ராம்தான் வழக்கம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்துப் படிகவியல்காரர்களைக் கேட்டாலும் இதையே சொல்வார்கள்.

லாப்லாசியனில்தான் (அடர்த்தியின் இரண்டாம் வகைக்கெழுக்களின் கூட்டுத்தொகை) நிறையப் பேர் சறுக்குகிறார்கள். அதற்கும் 6.748 போட்டுவிடாதீர்கள். அதில் நீளம் ஐந்தாம் அடுக்கில் வருகிறது, எனவே 24.1.

அப்புறம், மென்பொருளுக்குக் கொடுத்த அலைச்சார்புக் கோப்பைத் (wavefunction file) திறந்து, அதிலுள்ள ஆயங்களை வைத்து அந்த இரண்டு கார்பன்களுக்கு இடையே உள்ள தூரத்தைக் கணக்கிடுங்கள். 2.9 பக்கம் வந்தால் போர் அலகு, சரி. 1.5 என்றால் கோப்பு எழுதப்பட்டபோதே கோளாறு, திரும்ப உருவாக்குங்கள்.

மாற்றிய பிறகும் சில சதவீதம் விலகினால் அது அலகுப் பிரச்சினை அல்ல, பேசிஸ் செட்டையோ (அலைச்சார்பை எழுதப் பயன்படும் சார்புகளின் தொகுப்பு) கணக்கீட்டு முறையையோ பொறுத்தது.