தோட்டப் பள்ளிக்கு இயங்கலைப் பாடம்: கேள்வி பதில்

மலேசியாவின் பினாங்குத் தீவில் ஒரு மையம். அங்கிருந்து ஓர் ஆசிரியர் பாடம் நடத்த, செபராங் பிறை (பினாங்கின் பெருநிலப் பகுதி), கெடா, பேராக் தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகளின் பிள்ளைகள் தத்தம் வகுப்பறையிலேயே உட்கார்ந்து நேரலையில் பார்க்கிறார்கள். இந்த ஏற்பாடு பற்றி வந்த கேள்விகளும் பதில்களும்.

ஆசிரியை, நிபோங் திபால்: ஐயா, எங்கள் பள்ளியில் இணைய வேகம் 30 எம்பிபிஎஸ் (விநாடிக்கு மெகாபிட்) காட்டுகிறது. ஆனாலும் எங்கள் பிள்ளைகள் பேசுவது மையத்தில் வெட்டி வெட்டிக் கேட்கிறதாம். ஏன்?

டீச்சர், 30 என்பது பதிவிறக்க வேகம். பிள்ளைகளின் குரல் பதிவேற்றத்தில் போகிறது. அதை யாரும் பார்ப்பதில்லை. ஸூம் குழு அழைப்பில் 720 அளவுப் படம் (உயர்தெளிவு) அனுப்ப 2.6, வாங்க 1.8 எம்பிபிஎஸ் வேண்டும். கொஞ்சம் தரம் குறைந்தால் பரவாயில்லை என்றால் அனுப்ப 1, வாங்க 0.6 போதும். குரலுக்கு மட்டும் 80 கேபிபிஎஸ் (0.08 எம்பிபிஎஸ்). ஆக, உங்களுக்கு வேகம் பெரும்பாலும் தட்டுப்பாடில்லை. குரலைத் துண்டு துண்டாகச் சுமந்து போகும் தரவுப் பொட்டலங்கள் வழியில் தொலைகின்றன. இழப்பு 2 விழுக்காட்டைத் தாண்டினாலே பேச்சு அறுபடத் தொடங்கும்.

சோதனையை மாலையில், பள்ளி காலியாக இருக்கும்போது செய்யாதீர்கள். பாடம் நடக்கும் அதே நேரத்தில், அதே மேசையிலிருந்து செய்யுங்கள். மடிக்கணினியை வைஃபையில் ஒரு முறையும், ரவுட்டரிலிருந்து கேட் 6 வலைக்கம்பி இழுத்து ஒரு முறையும் சோதியுங்கள். கம்பியில் சரியாகி விட்டால் நோய் வைஃபையில்தான். கம்பியிலும் வெட்டினால், பள்ளி வலையமைப்பு யூடிபி (நேரலைக் குரலும் படமும் காத்திராமல் போகும் வழி) போக்குவரத்தை அடைத்திருக்கிறதா என்று கணினிப் பொறுப்பாசிரியரிடம் கேளுங்கள். அது அடைபட்டால் செயலி டிசிபி 443 என்ற மாற்று வழியே போகும். தொலைந்த பொட்டலம் திரும்பி வரும்வரை எல்லாம் காத்திருப்பதால் குரல் தேங்கித் தேங்கி வரும்.

தலைமையாசிரியர், சுங்கை பட்டாணி: பெற்றோர் ஆசிரியர் சங்கம் பணம் தர முன்வந்திருக்கிறது. நல்ல கேமராவாக வாங்கலாமா?

வேண்டாம் ஐயா. முதல் ரிங்கிட் ஒலிக்குப் போகட்டும். படம் மங்கினால் பிள்ளைகள் கண்ணைச் சுருக்கிப் பார்த்துக்கொள்வார்கள். குரல் மங்கினால் ஐந்தாவது நிமிடம் பக்கத்துப் பிள்ளையோடு பேசத் தொடங்கிவிடுவார்கள்.

வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம் இரட்டிப்பானால் ஒலி 6 டெசிபல் குறையும். மின்விசிறிச் சத்தமோ குறையாது. மேசைமேல் வைக்கும் ஒலிவாங்கி–ஒலிபெருக்கிக் கருவிகள் இரண்டு மூன்று மீட்டருக்கு நன்றாக வேலை செய்யும். வகுப்பறையோ எட்டு ஒன்பது மீட்டர். ஆகவே கடைசி வரிசைப் பிள்ளையின் குரலைப் பிடிக்க மைக்கைத் தேடி அலையாதீர்கள். பிள்ளையை மைக்கிடம் வரச் சொல்லுங்கள், அல்லது கையில் பிடிக்கும் கம்பியில்லா மைக் ஒன்றைச் சுற்ற விடுங்கள். முன்னால் ஒரு நாற்காலி போட்டு 'பேசும் இடம்' என்று வைத்துவிட்டாலே பாதிச் சிக்கல் தீரும்.

எதிரொலிக்குக் காரணம் அநேகமாக ஒன்றுதான்: ஒரே அறையில் இரண்டு கருவிகள் ஒலியோடு இணைந்திருப்பது. உதவிக்கு நிற்கும் ஆசிரியர் தம் கைப்பேசியிலும் வகுப்புக்குள் நுழைந்திருப்பார். ஓர் அறைக்கு ஒரே மைக், ஒரே ஒலிபெருக்கி. புளூடூத் ஒலிபெருக்கியையும் தவிருங்கள். அது ஒலியைத் தாமதமாக வெளியிடுவதால், எதிரொலியை நீக்கும் மென்பொருள் குழம்பிவிடும். 3.5 மில்லிமீட்டர் ஒலிக்கம்பி மலிவு, தாமதமும் இல்லை.

மிச்சமிருந்தால் கேமரா வாங்குங்கள். சன்னலுக்கு எதிரே மட்டும் வைக்காதீர்கள். பிள்ளைகள் கரிய நிழல்களாகத் தெரிவார்கள்.

ஆசிரியர், பீடோர்: எங்கள் கட்டடத்துக்குத் துத்தநாகக் கூரை. மழை பிடித்தால் ஒன்றுமே கேட்பதில்லை.

மென்பொருளால் அந்தச் சத்தத்தை முழுவதும் அடக்க முடியாது. அடக்கினால் பிள்ளையின் குரலையும் சேர்த்து விழுங்கும். கை மைக்கை வாயிலிருந்து ஐந்து பத்து சென்டிமீட்டரில் பிடித்தால் உங்கள் பக்கத்திலிருந்து போவது தெளிவாகும். உங்களுக்கு வருவதற்குத்தான் வழியில்லை. மையம் ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு பயிற்சித்தாளை முன்கூட்டியே புலனத்தில் (வாட்ஸ்அப்) அனுப்பி வைக்கட்டும், நீங்கள் அச்சடித்து வையுங்கள். மழை வந்தால் தாளுக்கு மாறுங்கள். பருவமாற்றக் காலத்தில், ஏப்ரல்–மே, அக்டோபர்–நவம்பர் மாதங்களில், இடியும் மழையும் பிற்பகலில்தான் அதிகம். நேரலையைக் காலை பத்துக்குள் முடித்துக்கொள்ளுங்கள்.

ஒருங்கிணைப்பாளர், பட்டர்வொர்த்: வெள்ளிக்கிழமை வகுப்புக்குக் கெடாப் பள்ளிகள் வருவதே இல்லை...

எப்படி வருவார்கள் அண்ணா? கெடாவில் வார விடுமுறை வெள்ளி, சனி. அவர்களுக்கு ஞாயிறு பள்ளி உண்டு. பினாங்கிலும் பேராக்கிலும் இல்லை. மூன்று மாநிலத்துக்கும் பொதுவான நாள்கள் திங்கள் முதல் வியாழன் வரை நான்குதான். ஜொகூர்ப் பள்ளியையும் சேர்ப்பதானால் பழைய அட்டவணையைப் பார்க்காதீர்கள். 2025 சனவரி முதல் அங்கே சனி, ஞாயிறுக்கு மாறிவிட்டார்கள்.

ஆசிரியை, உலு சிலாங்கூர்: தமிழ் எழுத்துகள் திரையில் மங்கலாக வருகின்றன. ஆங்கிலம் அவ்வளவு மோசமில்லை.

காரணம் புள்ளி. படத்தைச் சுருக்கும்போது முதலில் போவது சின்னஞ்சிறு நுணுக்கங்கள். 'அம்மா' அங்கே 'அமமா' ஆகிவிடும். ணகரத்துக்கும் னகரத்துக்கும் உள்ள ஒரு சுழி வித்தியாசமும் அப்படியே. முதலாம் இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு இது சிறு குறையில்லை. தடித்த எழுத்துருவில், எழுத்தளவு 32க்குக் குறையாமல், ஒரு பக்கத்துக்கு ஆறேழு வரி மட்டும் போடுங்கள். வெண்பலகையைக் கேமராவில் காட்டுவதைவிடத் திரையைப் பகிர்வது நல்லது. அப்படிப் பகிரும்போது, 'காணொலிக்கு உகந்ததாக்கு' (Optimize for video clip) என்ற தேர்வு அணைந்திருக்க வேண்டும். அது இயங்கினால் அசைவைக் காப்பாற்ற எழுத்தின் கூர்மையைக் குறைக்கும். காணொலித் துண்டு போடும்போது மட்டும் அதை இயக்குங்கள், கணினி ஒலியைப் பகிர்வதையும் மறக்காமல்.

ழகரம் சொல்லிக்கொடுக்கக் குரல் மட்டும் போதாது. கைப்பேசியை இரண்டாவது கேமராவாக, ஒலியை அணைத்து இணைத்து, ஆசிரியரின் வாயை அருகில் காட்டுங்கள். நா எங்கே மடிகிறது என்று பிள்ளை பார்க்க வேண்டும். அதே கைப்பேசியைத் தாங்கியில் கவிழ்த்து மேசைக்கு மேலே வைத்தால் அறிவியல் சோதனைக்கும் ஆகும்.

அதே ஆசிரியை: எல்லாப் பள்ளிகளும் சேர்ந்து வாசிக்க வைக்க முடியவில்லையே?

முடியாது. நல்ல கண்ணாடியிழை இணைப்பிலும் ஒவ்வொரு பள்ளிக்கும் தாமதம் வேறு. மையம் வாசிக்க, பள்ளிகள் மைக்கை அணைத்துவிட்டுத் தங்கள் அறையில் சேர்ந்து வாசிக்கட்டும்.

துணைக்கோள் இணைப்புள்ள பள்ளியிடம் கூடுதல் பொறுமை வேண்டும். பழைய வகைத் துணைக்கோள் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிறது. குரல் மேலே போய்க் கீழே வரவே கால் விநாடி. கேள்வி போய்ப் பதில் வர அரை விநாடிக்கு மேல். 'தெரியவில்லையா?' என்று ஆசிரியர் அவசரப்பட்டால் பிள்ளையின் பதிலோடு மோதும். கேள்வி கேட்டதும் மனத்துக்குள் மூன்று எண்ணச் சொல்லுங்கள். ஏறக்குறைய 550 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் புதிய வகையில் இந்தத் தொல்லை இல்லை.

பெற்றோர், பாலிக் புலாவ்: சிம் தரவில் நடத்தினால் எவ்வளவு செலவாகும்?

1 எம்பிபிஎஸ் ஒரு மணி நேரம் ஓடினால் 450 எம்பி. சாதாரணத் தரத்தில் போக வரச் சேர்த்து மணிக்குச் சுமார் 720 எம்பி; 720 அளவுப் படமென்றால் 2 ஜிபி வரை. வகுப்பறைக்கு ஒரே இணைப்புதான், பிள்ளைக்கு ஒன்றில்லை.

கணினிப் பொறுப்பாசிரியர், கூலிம்: இடி விழுந்து இரண்டு ரவுட்டர் போய்விட்டன. கண்ணாடியிழை மின்சாரத்தைக் கடத்தாது என்றார்களே?

இழை கடத்தாது, அதற்குப் பின்னால் வருகிற செம்புக்கம்பி கடத்தும். ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்கு வெளியே இழுத்த கம்பிதான் முதல் சந்தேகம். அந்த இடத்தில் இழையோ கம்பியில்லா இணைப்போ போடுங்கள். செம்பு வலைக்கம்பியின் நீளத்துக்கு 100 மீட்டர் எல்லையும் உண்டு. பள்ளி முடிந்ததும் மின்செருகியோடு வலைக்கம்பியையும் கழற்றுங்கள். ஒன்றை மட்டும் கழற்றினால் மற்றது வழியாக வரும்.

மின்சாரம் போனாலும் மின்கலத்தில் ஓட வைக்கும் 650 விஏ யூபிஎஸ் ஒன்றில் மோடமும் ரவுட்டரும் மட்டும் இருந்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் தாங்கும். எல்சிடியை (புரொஜெக்டரை) அதில் செருகாதீர்கள், சில நிமிடத்தில் காலி.

தலைமையாசிரியர், தஞ்சோங் மாலிம்: எங்களிடம் 150 பேருக்கும் குறைவு, இரண்டு ஆண்டுப் பிள்ளைகள் ஒரே அறையில் படிக்கும் கூட்டு வகுப்பு வேறு. நேரலை ஓடும்போது எங்கள் ஆசிரியர் வேறு வகுப்பைப் பார்க்கலாமா?

இப்படிக் கேட்பவர்கள் அதிகம். செய்து பார்த்த இடமெல்லாம் திட்டம் படுத்துவிடுகிறது. எந்தப் பிள்ளைக்குப் புரியவில்லை என்பது திரையில் தெரியாது. உங்கள் ஆசிரியர் பின்வரிசையில் நின்று கையெழுத்தைப் பார்க்க வேண்டும், மைக்கை நீட்ட வேண்டும், கோளாறானால் புலனத்தில் மையத்துக்குச் சொல்ல வேண்டும். கூட்டு வகுப்பென்றால் நான்காம் ஆண்டு திரையைப் பார்க்கும் இருபது நிமிடத்தில் ஐந்தாம் ஆண்டுக்கு அதே அறையில் எழுத்து வேலை கொடுக்கலாம். அறையை விட்டுப் போகக் கூடாது.

ஆசிரியர், நிபோங் திபால்: கேமராவின் யூஎஸ்பி கம்பியை நீட்டினேன், படம் வரவில்லை.

எத்தனை மீட்டர்? சாதாரண யூஎஸ்பி 2 கம்பிக்கு ஐந்து மீட்டர்தான். அதற்கு மேல் மின்னூக்கி உள்ள நீட்சிக் கம்பி வாங்குங்கள், அல்லது மடிக்கணினியைக் கேமரா பக்கம் நகர்த்தி, எல்சிடிக்குப் போகும் எச்டிஎம்ஐ கம்பியை நீளமாகப் போடுங்கள்.