2024 தேர்தலில் அநுர குமார திசாநாயக்க எப்படிப்பட்ட வேட்பாளர்? பெரிய பிரச்சினைகளில் என்ன சொன்னார், வடக்கில் ஏன் வாக்கு விழவில்லை?

"இவர் அந்த ஜேவிபிக்காரர்தானே? வடக்கையும் கிழக்கையும் பிரிச்சது இவையள்தானே?"

2024 செப்டம்பரில், தேர்தலுக்குச் சில நாள் முந்தி அம்மா என்னிடம் கேட்டது இது. அப்போது நான், ஜேவிபி தலைமையில் அமைந்து அநுரவை நிறுத்திய கூட்டணியான தேசிய மக்கள் சக்தியின் தேர்தல் அறிக்கையின் தமிழ்ப் பிரதியைச் சாப்பாட்டு மேசையில் வைத்து, பேனையால் கோடு போட்டுப் போட்டு வாசித்துக்கொண்டிருந்தேன். அம்மா அறிக்கையைத் திரும்பியும் பார்க்கவில்லை, அட்டையில் இருந்த படத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கேட்டார். நீங்கள் கேட்ட கடைசிக் கேள்விக்கு அதிலேயே பாதிப் பதில் இருக்கிறது. மீதியையும் சொல்கிறேன். நான் யாழ்ப்பாணத்தில் வாக்குப் போடுகிறவன், ஒரு தமிழ் வாக்காளன் பார்த்த பார்வையில்தான் இது வரும்.

முதலில் ஆள். 1968 நவம்பரில் மாத்தளை மாவட்டத்தின் கலேவெலவில் பிறந்தவர், வளர்ந்தது அநுராதபுரம் மாவட்டத்தின் தம்புத்தேகம. குளமும் வயலுமாக இருக்கிற வறண்ட பிரதேசம். அப்பா அரச திணைக்களம் ஒன்றில் சிற்றூழியர். கொழும்பின் பெரிய பள்ளிக்கூடம், அரசியல் குடும்பம், மாமனோ தகப்பனோ முன்னாள் ஜனாதிபதி என்று எதுவும் இல்லை. இலங்கையில் இது எவ்வளவு பெரிய விசயம் என்பது வெளியில் இருக்கிறவர்களுக்கு உடனே பிடிபடாது. அந்தத் தேர்தலிலேயே அவரோடு நின்ற சஜித் பிரேமதாச ஒரு ஜனாதிபதியின் மகன், நாமல் ராஜபக்ச இன்னொரு ஜனாதிபதியின் மகன், ரணில் விக்கிரமசிங்க ஜே.ஆர். ஜெயவர்தனவின் உறவினர். அநுர ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்து, களனிப் பல்கலைக்கழகத்தில் 1995இல் விஞ்ஞானப் பட்டம் எடுத்தவர்.

படிக்கிற காலத்திலேயே மக்கள் விடுதலை முன்னணியில், அதாவது ஜேவிபியில், சேர்ந்துவிட்டார். இந்தக் கட்சியைத் தெரியாமல் அவரைத் தெரிந்துகொள்ள முடியாது. ரோகண விஜேவீர 1965இல் தொடங்கிய கட்சி, 1971இல் ஒரு தடவையும் 1987 முதல் 89 வரை இன்னொரு தடவையும் ஆயுதக் கிளர்ச்சி செய்தது. இரண்டாவது கிளர்ச்சிக்குப் பெரிய காரணங்களில் ஒன்று 1987 ஜூலையில் வந்த இந்திய இலங்கை ஒப்பந்தம். அந்த ஒப்பந்தத்தில் இருந்துதான் 13ஆவது திருத்தமும் மாகாண சபைகளும் வந்தன. தமிழர்களுக்குச் சட்டப் புத்தகத்தில் கிடைத்த ஒரே அதிகாரப் பகிர்வு அதுதான், அதற்கு எதிராகத்தான் அவர்கள் துவக்குத் தூக்கினார்கள். ஜேவிபி தன் பங்குக்குப் பலரைக் கொன்றது, அரச படைகளும் துணைப்படைகளும் பதிலுக்கு ஆயிரக்கணக்கான சிங்கள இளைஞர்களைப் பிடித்துக் கொண்டுபோய்க் காணாமல் ஆக்கின. மாத்தளையில் 2012இல் மனிதப் புதைகுழி ஒன்று வெளிப்பட்டபோது, அது அந்தக் காலத்தில் காணாமல்போன பிள்ளைகளுடையதாக இருக்கும் என்று ஜேவிபி சொன்னது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். பிள்ளையின் படத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு தெருவில் நிற்கிற தாயை எங்களுக்கு முதலே கண்டது தெற்கு. கிளிநொச்சியில் 2017 பெப்ரவரியில் தாய்மார் தொடர் போராட்டத்தில் உட்கார்ந்தபோது, அந்த வலி என்னவென்று தெரிந்த தலைமுறை ஒன்று சிங்களப் பக்கத்திலும் இருந்தது, அநுர அந்தத் தலைமுறையைச் சேர்ந்தவர். 2014இல் கட்சித் தலைவரான கொஞ்ச நாளிலேயே பிபிசிக்குக் கொடுத்த நேர்காணலில், தங்கள் கையால் நடக்கக்கூடாதவை நடந்தன என்று வருத்தம் தெரிவித்தார். இலங்கையில் அப்படிச் சொன்ன கட்சித் தலைவர்கள் குறைவு. அதை நான் மதிக்கிறேன். அதனாலேயே அவரிடம் எங்கள் விசயத்தில் அதிகமாக எதிர்பார்த்தேன், அந்த எதிர்பார்ப்பு பிழையில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

சரி, பாராளுமன்றத்துக்கு வருவோம். 2000இல் தேசியப் பட்டியல் மூலம் உறுப்பினரானார். 2004இல் ஜனாதிபதி சந்திரிகாவோடு கூட்டுச் சேர்ந்த அரசில் விவசாய, காணி, நீர்ப்பாசன அமைச்சு. அந்தக் கதை அடுத்த வருடமே முடிந்தது. சுனாமி உதவியை வடக்கு கிழக்கில் அரசும் புலிகளும் சேர்ந்து பகிர்வதற்கு ஒரு பொதுக் கட்டமைப்பு போட்டார்கள், அதை எதிர்த்து 2005 ஜூனில் ஜேவிபி அரசை விட்டு வெளியேறியது, அநுரவும் பதவியைத் துறந்தார். அதே வருடக் கடைசியில் மகிந்த ராஜபக்சவை ஜனாதிபதியாக்க உழைத்தார்கள், பிறகு யுத்தத்தை ஆதரித்தார்கள். 2006இல் ஜேவிபியினர் போட்ட வழக்கில்தான், அந்த 1987 ஒப்பந்தப்படி இரண்டு மாகாணங்களையும் ஒன்றாக்கிய வடக்கு கிழக்கு இணைப்பு செல்லாது என்று உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அம்மா சொன்னது அதைத்தான். பத்திரிகை வாசிக்காத என் அம்மாவுக்கு அது ஞாபகம் இருந்தது, அறிக்கையைக் கையில் வைத்திருந்த எனக்கு வருடத்தைத் தேடிப் பார்க்க வேண்டியிருந்தது.

தெற்கில் அவரை ஏன் நம்பினார்கள் என்றால், களவுக்கு எதிராக விடாமல் கதைத்ததால். மத்திய வங்கிப் பிணைமுறி ஊழல் விவகாரத்தில், அரச நிறுவனங்களை விசாரிக்கிற பாராளுமன்றக் குழுவான கோப் குழுவின் தலைவராக இருந்து 2016இல் அறிக்கை கொண்டுவந்தவர் அவருடைய கட்சிக்காரரான சுனில் ஹந்துன்னெத்தி. அநுர பாராளுமன்றத்தில் ஒரு கோப்பை எடுத்து வைத்துத் திகதி, தொகை, கையெழுத்து என்று அடுக்கிக்கொண்டு போகிற விதம் தமிழ் உபதலைப்போடு எங்கள் போன்களிலும் வந்தது. ஆனாலும் வாக்கு விழவில்லை. 2019 ஜனாதிபதித் தேர்தலில் அவருக்கு 3.16 வீதம், 2020 பாராளுமன்றத்தில் மூன்றே ஆசனம். 2022 ஜூலையில் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச நாட்டை விட்டு ஓடிய பிறகு, அடுத்த ஜனாதிபதியைத் தெரிய பாராளுமன்றத்துக்குள் நடந்த வாக்கெடுப்பில் ரணிலுக்கு 134, டலஸ் அழகப்பெருமவுக்கு 82, அநுரவுக்கு 3. இரண்டு வருடம் கழித்து அதே ஆள் 42.31 வீதம் எடுத்து முதலாவதாக வந்தார். யாருக்கும் பாதிக்கு மேல் இல்லாததால் இலங்கை வரலாற்றில் முதல் தடவையாக இரண்டாம் விருப்பு வாக்குகளையும் எண்ணித்தான் அறிவித்தார்கள். இடையில் நடந்தது வேறொன்றும் இல்லை, நாடு வங்குரோத்தாகி, பெற்றோலுக்கும் காஸுக்கும் நாள்கணக்கில் வரிசையில் நின்ற மக்கள் பழைய இரண்டு முகாம்களையும் கைவிட்டார்கள்.

பொருளாதாரத்தில் அவர் சொன்னது பலர் பயந்த அளவுக்கு இடதுசாரித்தனமாக இருக்கவில்லை. சர்வதேச நாணய நிதியத்தின் 2.9 பில்லியன் டொலர் திட்டத்தைக் கிழித்துப் போடுவேன் என்று சொல்லவில்லை, நிபந்தனைகளை மறுபடி பேசுவேன், சம்பளக்காரர்மேல் விழுந்த வரியைக் குறைப்பேன், உணவு, மருத்துவம் போன்றவற்றின்மேல் உள்ள வரியை எடுப்பேன் என்றார். நிறைவேற்று ஜனாதிபதி முறையை ஒழிப்பது கட்சியின் பழைய கோரிக்கை, 2018இலேயே அதற்கு ஒரு திருத்தச் சட்டமூலம் கொண்டுவந்தார்கள், அறிக்கையிலும் இருந்தது. இந்தியா பற்றி ஒரு காலத்தில் "இந்திய விஸ்தரிப்புவாதம்" என்று கட்சியில் வகுப்பெடுத்தார்கள், மலையகத் தமிழரையே அதன் ஆட்களாகப் பார்த்த கட்சி. 2024 பெப்ரவரியில் அநுர டில்லியின் அழைப்பில் போய் இந்திய வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கரைச் சந்தித்தார். ஆனால் மன்னார், பூநகரி காற்றாலைத் திட்டத்தில் அதானியோடு செய்த ஒப்பந்தத்தை ரத்துச் செய்வேன் என்று பிரசாரத்தில் வெளிப்படையாகச் சொன்னார். பயம் இல்லாமல் அதைச் சொன்னது எனக்குப் பிடித்தது, காரணம் மன்னாரில் அந்தக் காற்றாலைகளுக்கு எதிராக எங்கள் சனமே கேள்வி கேட்டுக்கொண்டிருந்தது.

இனி எங்கள் விசயம். அறிக்கையில் நான் கோடு போட்ட இடங்கள்: புதிய அரசியலமைப்பு, 2015இல் தொடங்கி 2019இல் நின்றுபோன வேலையைத் தொடருவோம். மாகாண சபைத் தேர்தலை ஒரு வருடத்துக்குள் வைப்போம். பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்குவோம். இந்த மூன்றையும் வாசிக்கும்போது நல்லாகத்தான் இருந்தது. "தற்காலிக ஏற்பாடுகள்" என்று பெயரிலேயே வைத்துக்கொண்டு 1979இல் வந்த சட்டம் அது, அந்தத் தற்காலிகத்துக்குள் எங்கள் ஊரில் இரண்டு தலைமுறை வளர்ந்துவிட்டது.

ஆனால் மேடையில் குரல் வேறு. பொருளாதாரம் கேட்டால் எண்ணோடு பதில் வரும், ஊழல் கேட்டால் பெயரோடு பதில் வரும், அதிகாரப் பகிர்வு கேட்டால் எல்லோரும் சமம், இனவாதம் இல்லாத நாடு என்று பொதுவாகப் போய்விடும். கிளிநொச்சிக்கு வந்தபோது, 13ஐத் தருகிறேன், சமஷ்டி தருகிறேன் என்று பேரம் பேசி வாக்குக் கேட்க வரவில்லை என்ற கருத்தில் கதைத்தார். அதில் நேர்மை இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன், முந்தின வேட்பாளர்கள் எல்லாவற்றையும் தருவதாகச் சொல்லிவிட்டு ஒன்றும் தராமல் போனவர்கள். ஆனால் பேரம் பேச வரவில்லை என்பவர், அப்போ என்ன செய்யப் போகிறார் என்பதையாவது சொல்ல வேண்டும் அல்லவா? தேர்தலுக்கு முன் ஏபி செய்தி நிறுவனத்துக்கு, யுத்தக் காலக் குற்றங்களுக்கு யாரையும் தண்டிக்க முயலப் போவதில்லை, பாதிக்கப்பட்டவர்களும் தண்டனையை எதிர்பார்க்கவில்லை, என்ன நடந்தது என்று அறியத்தான் விரும்புகிறார்கள் என்ற பொருளில் சொன்னார். அதை வாசித்துவிட்டு நான் கனநேரம் பேசாமல் இருந்தேன். எதிர்பார்க்கவில்லை என்று அவருக்கு எந்தத் தாய் சொன்னார்? கிளிநொச்சியில் அந்தக் கொட்டகையில் உட்கார்ந்திருந்தவர்கள் நீதி என்றுதான் பதாகையில் எழுதியிருந்தார்கள். தன் தோழர்களே காணாமல் ஆக்கப்பட்ட ஒருவர் இதைச் சொன்னதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

வாக்குச் சாவடியில் கையில் தந்த சீட்டில் நாற்பதுக்குக் கிட்டப் பெயர். நீளமாக மடித்துத் தந்தார்கள், விரித்து வைத்தால் மேசைக்கு வெளியே தொங்கியது. அநுரவின் திசைகாட்டி, சஜித்தின் டெலிபோன், ரணிலின் காஸ் சிலிண்டர், தமிழ்ப் பொது வேட்பாளர் அரியநேத்திரனின் சங்கு என்று சின்னங்களைத் தேடித் தேடித்தான் பேனையை வைக்க வேண்டியிருந்தது. யாழ்ப்பாண மாவட்டத்தில் அநுரவுக்கு விழுந்தது சுமார் 27 ஆயிரம். சஜித், அரியநேத்திரன், ரணில் மூவருக்கும் பின்னால்தான் வந்தார். இதை இனவாதம் என்று தெற்கில் சிலர் எழுதினார்கள். அது அநியாயம். ஒரு கட்சியின் முப்பது வருட நடத்தையை ஞாபகம் வைத்திருப்பதற்குப் பெயர் இனவாதம் இல்லை.

அந்தச் சனமே எட்டு வாரத்தில் வேறு முடிவு எடுத்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நவம்பர் 14 பாராளுமன்றத் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தின் ஆறு ஆசனத்தில் மூன்று திசைகாட்டிக்குப் போனது, வாக்கு 80 ஆயிரத்துக்கு மேல். எங்கள் தமிழ்க் கட்சிகள் துண்டு துண்டாக நின்றதும், எங்கள் தலைவர்கள்மேல் சனத்துக்கு இருந்த சலிப்பும் அதில் பெரிய பங்கு. அந்த மாதம் முதலாம் திகதி, முப்பது வருடத்துக்கு மேலாக இராணுவம் பூட்டி வைத்திருந்த பலாலி வீதியின் வசாவிளான் பகுதியைத் திறந்தார்கள். நானும் அம்மாவும் மோட்டார் சைக்கிளில் போனோம். இரண்டு பக்கமும் முள்ளுக்கம்பி, அதற்கு அந்தப் பக்கம் பற்றை மூடின வீட்டுச் சுவர்கள், இறங்கி நிற்க முடியாது, போய்க்கொண்டே இருக்க வேண்டும். அம்மா ஒரு சுவரைக் காட்டி அது யாருடைய வீடு என்று பெயர் சொன்னார். வீதி திறந்தது, காணி திறக்கவில்லை.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில்: ஆள் எளிய குடும்பத்தில் இருந்து வந்தவர், அரசியலில் சொத்துச் சேர்க்கத் தெரியாதவர் என்று எதிரிகளே ஒத்துக்கொள்கிற அளவுக்குப் பெயர் வைத்திருந்தவர், களவு பற்றியும் கடன் பற்றியும் தெளிவாகப் பேசியவர், எங்கள் பிரச்சினையில் மட்டும் தெளிவைத் தள்ளிப்போட்டவர். அவரை எடைபோட நான் பேச்சை விட்டுவிட்டு, அறிக்கையில் கோடு போட்ட அந்த மூன்று இடங்களைத்தான் பார்க்கிறேன். அதில் மாகாண சபைக்கு ஒரு வருடம் என்று சொன்னார்கள். வருடம் கடந்துவிட்டது. வடக்கில் நாங்கள் மாகாண சபைக்கு வாக்குப் போட்டது ஒரே ஒரு தடவை, 2013 செப்டம்பர் 21. அவர் ஜனாதிபதியாகத் தெரிவான தேர்தலும் செப்டம்பர் 21தான், பதினொரு வருடம் கழித்து. அந்த அறிக்கைப் பிரதி இன்னும் என் மேசையில் இருக்கிறது, தேர்தல் எப்போது என்று அம்மா இடைக்கிடை கேட்கிறார்.