ஜிபியு ஓடுகிறது, விமானத்தில் கரண்ட் ஏறவில்லையே!

கேள்வி: என் மகன் டிப்ளமோ முடித்துவிட்டு, திருவனந்தபுரம் விமான நிலையத்தில் ராம்ப் (விமானம் நிற்கும் தளம்) வேலைக்குப் பயிற்சி எடுக்கிறான். ஜிபியு (நிற்கும் விமானத்துக்குத் தரையிலிருந்து கரண்ட் தரும் ஜெனரேட்டர் வண்டி) நன்றாக ஓடினாலும் சில நேரம் விமானம் கரண்ட் எடுப்பதில்லையாம். கரண்ட் கொடுத்த பிறகும் என்ஜினை ஸ்டார்ட் பண்ண இன்னொரு வண்டி வருகிறதாம். இதெல்லாம் ஏன்? – மார்த்தாண்டம் வாசகர்

பதில்: ஜெனரேட்டரைக் குறை சொல்லும் முன் கேபிளின் தலையைப் பார்க்கச் சொல்லுங்கள். அதில் ஆறு துளைகள் இருக்கும். பெரிய நான்கில் மூன்று ஃபேஸ், ஒன்று நியூட்ரல். சிறிய இரண்டும் இன்டர்லாக், அதாவது தலை முழுதாகச் சொருகியிருந்தால்தான் கரண்டை விடும் காவல். விமானத்தின் பக்கம் இவற்றுக்கான பின்கள் மற்றவற்றைவிடக் குட்டை. சொருகும்போது கடைசியாகத் தொடும், உருவும்போது முதலில் விடும். இந்த இரண்டு வழியாக வரும் 28 வோல்ட் டிசிதான் ஜிபியுவின் கான்டாக்டரை (கரண்டை வெளியே விடும் பெரிய சுவிட்ச்) பிடித்து வைக்கிறது. தலை அரை அங்குலம் வெளியே நின்றாலோ, துளைகள் தேய்ந்து தளர்ந்தாலோ கான்டாக்டர் விடுபட்டு கரண்ட் நின்றுவிடும். பல கேபிள்களில் தலையின் முன்பகுதியை மட்டும் கழற்றி மாற்றலாம். அதைச் செய்யாமல் இன்டர்லாக்கை ஏமாற்றும் பைபாஸ் சுவிட்சைப் போட்டு ஓட்டுவது ஆபத்து: தலை கழன்று கீழே விழுந்தாலும் அதில் கரண்ட் இருக்கும்.

தலை சரியென்றால் அடுத்து பார்க்க வேண்டியது கரண்டின் தரம். ஏர்பஸ் ஏ320, போயிங் 737 விமானங்கள் இரண்டுக்கும் வேண்டியது 115/200 வோல்ட், மூன்று ஃபேஸ், 400 ஹெர்ட்ஸ். நம் வீட்டுக் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். எட்டு மடங்கு கூட்டினால் டிரான்ஸ்பார்மரும் மோட்டாரும் சிறுத்து எடை குறைகிறது. ஏ320-இல் 110–120 வோல்ட், 390–410 ஹெர்ட்ஸ் என்ற எல்லையைத் தாண்டினால் விமானி அறைத் திரையில் அந்த எண் அம்பர் (ஆரஞ்சு கலந்த மஞ்சள்) நிறமாகும். ஃபேஸ் வரிசை மாறினாலும் விமானம் கரண்டை ஏற்காது. ரப்பர் ஷீட் அடிக்கும் மோட்டாரில் இரண்டு ஃபேஸ் மாறினால் ரோலர் எதிர்ப்பக்கம் சுற்றுமே, அதே சிக்கல்தான். கேபிளைப் பழுது பார்த்து வந்த முதல் நாளில் இதைச் சந்தேகிக்கலாம்.

ஏ320-இன் மூக்குச் சக்கரத்துக்கு முன்னால் சொருகும் இடத்தில் இரண்டு விளக்குகள் உண்டு. அம்பர் எரிந்தால் கரண்ட் தரமாக வந்து நிற்கிறது. கூடவே வெள்ளையும் எரிந்தால் விமானம் அதை இன்னும் எடுக்கவில்லை; விமானி பொத்தானை அழுத்த வேண்டும். பல நேரம் 'கரண்ட் ஏறவில்லை' என்பது இவ்வளவுதான்.

கழற்றும்போதும் அந்த வெள்ளை விளக்குதான் அனுமதி. விமானி விடுவித்து வெள்ளை எரிந்த பிறகு, ஜிபியுவில் அவுட்புட்டை நிறுத்தி, பிறகே உருவ வேண்டும். 90 கேவிஏ திறனுள்ள ஜிபியுவின் முழுச் சுமையில் ஒரு ஃபேஸில் 260 ஆம்பியர் ஓடும். அதை அப்படியே இழுத்தால் பொறி பறந்து பின்கள் கரியும்; கரிந்த பின் அடுத்து வரும் கேபிளையும் கெடுக்கும். கேபிளைப் பிடித்து இழுக்கக் கூடாது, தலையைப் பிடித்துத்தான். எரிபொருளும் ஆட்களும் ஏற ஏற விமானம் தாழும் என்பதால் கேபிளை விறைப்பாக விடவும் வேண்டாம்.

இனி அந்த இன்னொரு வண்டி. ஜிபியு தரும் கரண்ட் விளக்குக்கும் கருவிகளுக்கும்தான். இந்த ரக விமானங்களில் என்ஜினைச் சுழற்றுவது அழுத்தக் காற்று. வழக்கமாக வாலிலுள்ள ஏபியு என்ற சிறிய துணை என்ஜின் அதைக் கொடுக்கும். ஏபியு பழுதானால் காற்று வண்டியின் குழாயை மாட்டி, நிறுத்துமிடத்திலேயே ஒரு என்ஜினை ஸ்டார்ட் செய்வார்கள். அதன் ஜெனரேட்டர் சுமையை ஏற்கும்வரை ஜிபியு இருந்தாக வேண்டும். ஆக, கேபிளை உருவுவது என்ஜின் ஓடும்போது. 737-இல் கேபிளும் காற்றுக் குழாயும் வலப்பக்கம் என்பதால் இடது என்ஜினைத்தான் முதலில் கிளப்புவார்கள். உருவியவர் வந்த வழியே மூக்குப் பக்கம் விலக வேண்டும். குறுக்கு வழி என்று இடது இறக்கைப் பக்கம் தலைகாட்டக் கூடாது.

பின்னாளில் மகனுக்கு ஏடிஆர் 72 என்ற புரொப்பெல்லர் விமானத்தில் வேலை கிடைத்தால் இந்தப் பாடம் கொஞ்சம் மாறும். அதில் ஏபியுவே கிடையாது. வலது என்ஜினை ஓடவிட்டு, புரொப்பெல்லரை மட்டும் பிரேக் போட்டு நிறுத்தி அந்த வேலையை வாங்குவார்கள். அதன் 28 வோல்ட் டிசிக்குக் கேபிளும் வேறு, மூன்று பின்தான்.