டயர் வெப்பநிலையைப் பார்த்து வீல் அலைன்மென்ட்டைத் திருத்துவது எப்படி?

மாஸ்டா எம்எக்ஸ்-5 காரை ரேஸ் டிராக்கில் ஓட்டும் நீங்கள், முன் டயரின் உள் ஓரம், நடு, வெளி ஓரம் ஆகிய மூன்று இடங்களிலும் வெப்பநிலை சமமாக வரும்வரை கேம்பரை (முன்னாலிருந்து பார்க்கும்போது சக்கரம் சாய்ந்திருக்கும் கோணத்தை) மாற்ற வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் என்பதே என் பதில். உள் ஓரம் வெளி ஓரத்தைவிட 5 முதல் 10 டிகிரி செல்சியஸ் வரை கூடுதலாக இருப்பதே பொதுவாக நல்லது.

நெகட்டிவ் கேம்பர் வைத்த சக்கரத்தின் மேற்பகுதி காரை நோக்கிச் சாய்ந்திருப்பதால், நேர்ப்பாதையில் உள் ஓரமே அதிகம் உழைக்கிறது. வளைவில் கார் வெளிப்பக்கம் சாயும்போதுதான் டயர் முழு அகலத்துக்கும் தரையில் படிகிறது. பிட்டுக்கு (டிராக்கின் ஓரத்தில் காரை நிறுத்திப் பார்க்கும் இடத்துக்கு) வந்தபின் நாம் அளப்பது இவ்விரண்டும் கலந்த சூட்டை. ஆகவே மூன்று எண்களும் சமமாக இருந்தால், வளைவில் வெளி ஓரம் தன் பங்குக்கு மேல் சுமை தாங்கியிருக்கிறது என்றே பொருள்.

நான் இரண்டாம் தலைமுறை எம்எக்ஸ்-5 காரைக் கலிஃபோர்னியாவின் லகுனா சேகா டிராக்கில் ஓட்டுகிறேன். அங்கே கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் ஓட்டுவதால் இடப்பக்க வளைவுகளே மிகுதி. எனவே முன் வலப்பக்க டயர்தான் அதிகம் பாடுபடுகிறது. நெகட்டிவ் கேம்பர் ஒன்றரை டிகிரியாக இருந்தபோது அந்த டயர் உள்ளே 84, நடுவில் 89, வெளியே 93 டிகிரி காட்டியது. கேம்பரை இரண்டரை டிகிரியாக்கிய பிறகு உள்ளே 90, நடுவில் 86, வெளியே 82 என்று மாறியது. ஹேர்பின் எனப்படும் கூர்மையான திருப்பத்தில் முன்பக்கம் வெளியே வழுக்கிச் செல்வதும் கண்கூடாகக் குறைந்தது. இடப்பக்க டயரின் எண்களை இதோடு ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம். சாலையிலும் ஓட்டும் கார் என்பதால் இரு பக்கமும் ஒரே கேம்பர்தான் வைக்கிறேன். அதை முடிவு செய்வது அதிகம் உழைக்கும் டயர்.

அளக்கும் முறையில் மிகுந்த கவனம் தேவை. இன்ஃப்ராரெட் கருவி மேற்பரப்பை மட்டுமே பார்க்கிறது. அந்தச் சூடு பிட் பாதையில் மெதுவாக வரும்போதே இறங்கிவிடும். ஊசி முனையுள்ள பைரோமீட்டரை (வெப்பமானியை) ரப்பருக்குள் இரண்டு மூன்று மில்லிமீட்டர் செருகி, எண் நிலைத்த பிறகு குறித்துக்கொள்ளுங்கள். வேகமான லேப்பை முடித்த கையோடு, வேகத்தைக் குறைத்து ஒரு சுற்று ஓட்டாமல் நேராக உள்ளே வந்து, அதிகம் உழைத்த டயரிலிருந்து தொடங்க வேண்டும். ஒவ்வொரு முறையும் அதே வரிசையில் அளந்தால்தான் எண்களை ஒப்பிட முடியும்.

கேம்பரைத் தொடுவதற்கு முன் காற்றழுத்தத்தைச் சரிசெய்யுங்கள். நடுப்பகுதி இரு ஓரங்களின் சராசரியைவிடச் சூடாக இருந்தால் காற்று அதிகம். குளிர்ந்திருந்தால் காற்று குறைவு. டயர் ஏறத்தாழ 6 டிகிரி சூடேறினால் அழுத்தம் 1 பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு) கூடும் என்பதால், லகுனா சேகா இருக்கும் மான்டரே பகுதியின் பனிமூட்டக் காலையில் பிடித்த காற்று நண்பகலில் பொருந்தாது.

உள் ஓரம் 15 டிகிரிக்கு மேல் கூடுதலாகச் சூடானால் கேம்பர் மிகையாகிவிட்டது என்று உடனே முடிவுகட்டாதீர்கள். டோ-அவுட் (மேலிருந்து பார்க்கும்போது சக்கரங்களின் முன்முனைகள் வெளிநோக்கி விரிந்திருப்பது) அதிகமாக இருந்தாலும் இதே அடையாளம்தான் தெரியும். டயர் ஆறியபின் உள்ளங்கையை டிரெட்டின் (தரையில் படும் ரப்பர் பரப்பின்) குறுக்கே இரு திசைகளிலும் தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழுவழுப்பாகவும் எதிர்த்திசையில் ரம்பப் பல்லைப் போலக் கையைப் பிடிப்பதாகவும் இருந்தால் முதலில் பார்க்க வேண்டியது டோ, அதாவது சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு. முன்பக்கம் டோ சுழியமாகவோ மிகச் சிறிதளவு டோ-அவுட்டாகவோ இருக்கலாம். பின்பக்கத்தில் எண்கள் எவ்வளவு அழகாக வந்தாலும் சற்று டோ-இன் (முன்முனைகள் உள்நோக்கி இருப்பது) இருக்கட்டும்; அதை எடுத்துவிட்டால் கடும் பிரேக்கில் காரின் பின்பகுதி நிலைகொள்ளாது.

முன் டயர்களின் சராசரி பின் டயர்களைவிட மிகவும் அதிகமானால், அது பெரும்பாலும் ஆன்டி-ரோல் பார் (வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் கம்பி), ஸ்பிரிங் சார்ந்த விஷயம். அலைன்மென்ட்டை மட்டும் வைத்து அதைத் தீர்க்க முயல வேண்டாம்.

இந்தக் காரில் சக்கரத்தைத் தாங்கும் கீழ்க்கையின் (லோயர் ஆர்ம்) எக்சென்ட்ரிக் (மையம் விலகிய) போல்ட்டைத் திருப்பிக் கேம்பரை மாற்றினால் டோவும் உடன் நகரும். ஆகவே கேம்பரை முடித்த பிறகே டோவை அமைக்க வேண்டும். திருப்புவதற்கு முன் போல்ட்டின் பழைய நிலையைப் பெயின்ட்டால் குறித்துவிட்டால், மாற்றம் பயன் தராதபோது பிட்டிலேயே பழைய இடத்துக்குத் திரும்பலாம்.