முருங்கைப் பூவும் கருவண்டும்: கேள்வி பதில்

தண்டையார்பேட்டையிலிருந்து: அக்கா, எங்கள் முருங்கை கொத்துக் கொத்தாகப் பூத்து வாசலெல்லாம் கொட்டுகிறது. காயை விரல்விட்டு எண்ணிவிடலாம். உரம் போதவில்லையா?

உரத்துக்கு ஓடாதீர்கள். நன்றாகக் காய்க்கிற மரத்திலும் நிறையப் பூ கொட்டத்தான் செய்யும். வேரில் தண்ணீர் தேங்கினால் இன்னும் கொட்டும். சரி, காலையில் மரத்தைச் சுற்றிப் பெரிய கருவண்டு ரீங்காரம் போடுகிறதா?

வந்தது அக்கா. பிள்ளைகளைக் கொட்டிவிடுமென்று அடித்து விரட்டிவிட்டோம்.

விரட்டாதீர்கள் தங்கச்சி, காய் பிடிக்க வைப்பதே அதுதான்! அது தேனீ இனம், தச்சுத்தேனீ என்பார்கள். ஆணுக்குக் கொடுக்கே கிடையாது. பெண்ணும் கையில் பிடித்து நசுக்கினால்தான் கொட்டும்.

ஒரு பூவைப் பறித்துப் பாருங்கள். நடுவில் நூல் போன்ற கேசரங்கள் இருக்கும்: மகரந்தம் தருவது ஐந்து, மகரந்தம் தராத மலட்டுக் கேசரம் ஐந்து. தேன் அடியில், சின்னக் கிண்ணம் போன்ற இடத்தில் இருக்கிறது. கனத்த உடம்போடு முட்டி நுழைகிற கருவண்டின் மேல் மகரந்தம் அப்பிக்கொள்ளும். அடுத்த பூவின் சூல்முடியில், அதாவது காய் பிடிக்க மகரந்தம் சேரவேண்டிய நுனியில், போய் உரசும். கொசுத்தேனீ போன்ற பொடிசுகள் சூல்முடியைத் தொடாமலேயே வந்து போய்விடுவதுண்டு.

ராயபுரம்: ஒரே மரம்தான் இருக்கிறது. போதுமா?

போதும். வேறு மரத்து மகரந்தம் சேர்ந்தால் காய் இன்னும் நன்றாகப் பிடிக்கும். பக்கத்துத் தெரு முருங்கையிலிருந்து அதைக் கொண்டுவருவதும் கருவண்டுதான்.

எர்ணாவூர்: மாடிக் கொட்டகை மூங்கிலைத் துளைக்கிறதே, தின்கிறதா?

தின்பதில்லை. துளைக்குள் பெண் தேனீ மகரந்தத்தையும் தேனையும் உருட்டி வைத்து, அதன்மேல் முட்டையிட்டு, மரத்தூளால் அறை அறையாகத் தடுக்கும். கொட்டகைக்குப் பெயின்ட் அடியுங்கள். கூடவே காய்ந்த மூங்கில் துண்டு ஒன்றை ஓரமாகக் கட்டிவிடுங்கள். மறக்காதீர்கள், அது இல்லாவிட்டால் அந்தப் பெண் தேனீக்கு வீடு ஏது?

வியாசர்பாடி: கம்பளிப்பூச்சிக்கு மருந்து அடிக்கலாமா?

பூ இருக்கும்போது மரம் முழுக்க வேண்டவே வேண்டாம். பகலில் அவை அடிமரத்தில் கும்பலாக அப்பியிருக்கும். அங்கேயே நீளத் துடைப்பத்தால் சோப்புத் தண்ணீர் வாளிக்குள் தள்ளிவிடுங்கள். உங்கள் மேலே படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

திருவொற்றியூர்: முருங்கை பூக்காத மாதங்களில் கருவண்டு என்ன செய்யும்?

எருக்குக்குப் போகும், தம்பி. பிள்ளையார் சதுர்த்திக்கு மாலை கட்டுகிறோமே, அதே எருக்குதான். ரயில் பாதை ஓரமெல்லாம் நிற்கிறது. எங்கள் தெருமுனைப் புதரை வெட்ட ஆள் வந்தபோது, கெஞ்சிக் கேட்டு நான்கு செடிகளை விட்டுவைக்கச் சொன்னேன். இன்று காலை அதில் மூன்று கருவண்டுகள்.