பிளஸ் ஒன் பையனுக்கு பைலோனிடல் சைனஸ்: லேசரா, ஆபரேஷனா?

கேள்வி: மகனுக்கு 16 வயது. வால் எலும்புக்கு மேலே, பிட்டங்களுக்கு நடுவில் கட்டி வந்து இரண்டு முறை கீறி சீழ் எடுத்தார்கள். திரும்பவும் கசிகிறது. லேசர் போட்டால் மறுநாளே பள்ளிக்குப் போகலாம் என்கிறது ஒரு கிளினிக். வெட்டியெடுத்துப் புண்ணைத் திறந்தே விடவேண்டும் என்கிறார் அரசு மருத்துவர். பரீட்சை முடியும்வரை தள்ளலாமா?

பதில்: இதுதான் பைலோனிடல் சைனஸ், முடி தோலுக்குள் புகுந்து உண்டாகும் சீழ்த்துளை. வெறும் கசிவுதான் என்றால் தாராளமாகத் தள்ளலாம். வீங்கி, விண்விண்ணென்று தெறித்து, காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே சீழை எடுக்க வேண்டும். மாத்திரையை மட்டும் விழுங்கிக் காத்திருக்கக் கூடாது. ஆனால் சீழ் எடுப்பது முதலுதவிதான். உள்ளே புகுந்த முடியும் நடுக்கோட்டில் உள்ள குழிகளும் அப்படியே இருப்பதால்தான் திரும்ப வருகிறது. நெற்கதிரின் சுணை சட்டைக்குள் ஏறுவதுபோல முடி ஒரே திசையில் உள்ளே போகும், தானாக வெளியே வராது.

இந்த வயதில் முதலிலேயே பெரிய ஆபரேஷன் வேண்டியதில்லை. குழிகளை மட்டும் சிறிதாகக் குடைந்தெடுத்து, உள்ளே கிடக்கும் முடியைச் சுத்தம் செய்தாலே பலருக்குப் போதும். கிளைவிட்டுப் பரவியிருந்தாலோ, மறுபடி மறுபடி வந்தாலோ ஃபிளாப், அதாவது நோயுள்ள இடத்தை வெட்டியெடுத்துப் பக்கத்துத் தோலை நகர்த்தி மூடும் ஆபரேஷன்: லிம்பெர்க், கரிடாகிஸ், பேஸ்காம் என்று வகைகள் உண்டு. மூன்றிலும் தையல் பள்ளத்தின் நடுவில் விழாமல் பக்கவாட்டுக்கு நகர்கிறது. வெட்டிவிட்டு நேர் நடுவில் தைப்பவரிடம் மட்டும் போகாதீர்கள். அந்தத் தையல் பிரிவதும் நோய் திரும்புவதும் அதிகம். உங்கள் அரசு மருத்துவர் சொன்ன முறை தவறில்லை. ஆனால் புண் ஆற வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் ஆகும். தினசரி டிரெஸ்ஸிங்குக்குப் பள்ளிப் பையன் எந்த வரிசையில் நிற்பான் என்று எந்தச் சீட்டிலும் எழுதுவதில்லை.

இனி அந்த லேசர். அதில் இரண்டு உண்டு, விளம்பரக்காரர்கள் வேண்டுமென்றே குழப்புகிறார்கள். ஒன்று, தோலுக்கடியில் ஓடும் சீழ்க்குழாயை உள்ளிருந்து சுடுவது. சிறிய நோய்க்குப் பயன்படும், ஆனால் மந்திரமில்லை. மற்றொன்று, சுற்றியுள்ள முடியை வேரோடு குறைப்பது. எனக்கு மதிப்பு இதன்மேல்தான். அமெரிக்காவில் 11 முதல் 21 வயதுவரை உள்ள 302 பேரிடம் நடந்த சோதனையில், வழக்கமான முடிநீக்கம் மட்டும் செய்தவர்களில் ஏறத்தாழ 34 சதவீதம் பேருக்கு ஓராண்டுக்குள் திரும்ப வந்தது. லேசர் முடிநீக்கமும் சேர்ந்தவர்களில் அது 10 சதவீதம்தான். ‘பேக்கேஜ்’ பேசும் ஏஜென்டிடம் கேளுங்கள்: எந்த லேசர், யார் செய்வார், திரும்பினால் யார் பொறுப்பு? பதில் வராது, அடுத்த ஃபோன் வரும். ‘மூலம் பவுத்திரம்’ போர்டு மாட்டியவரிடம் ஊசி, பொடி எதற்கும் உடன்படாதீர்கள்.

ஒரு விதிவிலக்கைத் திரும்பத் திரும்பச் சொல்வேன். துளை ஆசனவாய்க்கு அருகில் இருந்தால், அது பவுத்திரமாக இருக்கலாம். தொடர்ந்து வயிற்றுப்போக்கு, எடை குறைவு இருந்தால் குடல் அழற்சியாகவும் இருக்கலாம். அப்படிப்பட்ட துளையை எம்ஆர்ஐ பார்க்காமல் வெட்டவிடாதீர்கள். உங்கள் மகனுக்கு மேலே இருப்பதால் பெரும்பாலும் கவலையில்லை, ஆனாலும் ஆசனவாயையும் பரிசோதித்தாரா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

இன்ஷூரன்ஸ் இருந்தால் பாலிசியைப் பிரித்துப் பாருங்கள். பலவற்றில் இந்த நோய்க்கு 24 மாதக் காத்திருப்பு உண்டு. விற்கும்போது அதைச் சொல்வதில்லை, பில் நீட்டும்போதுதான் ஞாபகம் வருகிறது. பரீட்சைவரை தினமும் குளித்து, முடியை ஒட்ட வெட்டி, மணிக்கொரு முறை நாற்காலியை விட்டு எழச் சொல்லுங்கள். ஆபரேஷன் தேதியை மட்டும் இப்போதே கோடை விடுமுறையின் முதல் வாரத்துக்குக் கேட்டு வாங்கிவிடுங்கள்.